ஏப்ரலில் அந்த ஆறு வடியாது

உம்மே ஹானியை முதல் சந்திப்பிலேயே பிடித்துப்போனதாகச் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. தி.நகரில் பர்கிட் சாலையையொட்டி ஜெயபாரதி மேடம் நடத்திய சுற்றுலா அலுவலகத்தில் ஐந்து வருடம் அவளுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு விசா வேலை. அவளுக்குப் பாதை வேலை. ஆஸ்திரேலியாவில் தாங்களே வண்டியோட்டிச் சுற்ற விரும்புகிறவர்களுக்கு எந்த மாதம், எந்தச் சாலை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்கல், எங்கே டீசல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் யாரும் தொட விரும்பாத வேலை அது. மற்ற நாடுகளுக்கெல்லாம் பஸ்ஸில் ஏற்றி இறக்கினால் போதும்.

அவள் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. அந்த ஊர்களை அவள் கற்றுக்கொண்டது பெருங்குடியில், ஒரு கால்சென்டரில். ஆஸ்திரேலியாவில் வண்டி பழுதாகி நடுவழியில் நிற்கிறவர்களின் அழைப்புகள் அங்கே வரும். ஒன்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவர்களோடு பேசியிருக்கிறாள். டயர் வெடித்தவர்கள், மணலில் புதைந்தவர்கள், கங்காருவை இடித்தவர்கள். பெயர் கேட்டு, இடம் கேட்டு, இழுவை வண்டி அனுப்புவதாகச் சொல்லி, வருத்தம் தெரிவிக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் பேசக்கூடாது.

ஒருநாள் ஒரு பெண் அழைத்திருக்கிறாள். வண்டி ஆற்றின் நடுவில் நின்றுவிட்டது, பானட்டுக்கு மேல் தண்ணீர் ஏறுகிறது, இறங்கட்டுமா, உள்ளேயே இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். எழுதிக் கொடுத்த தாளில் அதற்குப் பதில் இல்லை. ஹானி மேலதிகாரியைக் கையசைத்துக் கூப்பிடுவதற்குள் இணைப்பு போய்விட்டது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கடைசிவரை தெரியவில்லை. கேட்டதற்கு, "உன் வேலை அடுத்த கால் எடுக்கிறது" என்றார்களாம்.

அன்றிலிருந்துதான் அவள் அந்த நாட்டு ஆறுகளைப் படிக்க ஆரம்பித்தாள். ஆற்று மட்டத்தை மணிக்கு மணி காட்டும் அரசுப் பக்கங்கள், சாலை திறப்பு அறிவிப்புகள், மழை வரைபடங்கள், ஏற்கெனவே போனவர்கள் எழுதிய புலம்பல்கள். பெருங்குடி வேலை வேறு நாட்டுக்குப் போன பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தாள். காலையில் வந்தவுடன் டீ குடிக்க மாட்டாள். எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று முதலில் பார்ப்பாள்.

இதெல்லாம் நல்ல குணம்தான். ஆனால் அவள் வாய் நல்ல வாய் இல்லை. வாடிக்கையாளர் தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேராக "தப்பு" என்பாள். "உங்களுக்கு அந்த வண்டி ஓட்ட வராது சார்" என்று ஒரு டாக்டரிடம் சொல்லி அவர் எழுந்து போனதை நான் பார்த்தேன். அவள் திருமணம் இரண்டே வருடத்தில் முறிந்திருந்தது. மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மாவோடும் தம்பி தௌஃபீக்கோடும் இருந்தாள். அவளைவிட எட்டு வயது இளையவன் தௌஃபீக். உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில், மேற்பார்வையாளன்.

அந்தக் கடையின் முதலாளி நல்லசிவம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. 2024 ஜனவரியில், பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு, அவரும் மகன் ஸ்ரீஹரியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

ஸ்ரீஹரிக்கு முப்பத்திரண்டு வயது. இங்கே ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருந்தான். ஏலகிரி, கொல்லிமலை, ஒருமுறை லடாக் வரை ஓட்டியிருக்கிறான். அவன் ஆசை, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் கிம்பர்லி என்ற பகுதி. டார்வினில் இறங்கி, வண்டி எடுத்து, குனுனுரா போய், அங்கிருந்து செம்மண் சாலையில் அறுநூறு எழுநூறு கிலோமீட்டர். வழியில் பாலமே கிடையாது. ஆறுகளில் வண்டியை இறக்கித்தான் கடக்க வேண்டும். அப்பா, மனைவி சரண்யா, ஐந்து வயது மகள் ஷண்முகப்ரியா எல்லோரும் போவதாக ஏற்பாடு.

"எப்போ போறீங்க?" என்று கேட்டாள் ஹானி.

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி கிளம்பி பதினஞ்சுக்குள்ள வந்துரணும்" என்றார் நல்லசிவம்.

"முடியாது."

அவர் சிரித்தார். பேரம் என்று நினைத்துவிட்டார். "என்னம்மா, டிக்கெட் இல்லியா?"

"டிக்கெட் இருக்கு சார். ரோடு இல்லை. அங்கே நவம்பர்லேர்ந்து மழைக்காலம். ஏப்ரல்லயும் பெய்யும். மழை நின்னாலும் ஆறு உடனே வடியாது. வடிஞ்ச அப்புறம் ரோடை சீர்பண்ணி, ஆளுங்க போய்ப் பார்த்து, மே மாசம் திறப்பாங்க. சில வருஷம் ஜூன்கூட ஆயிடும். ஜூலை, ஆகஸ்ட் போங்க. அதான் நல்ல மாசம்."

அந்த இரண்டு மாதங்களைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஆடியில என் கடைய விட்டுட்டு ஆத்தப் பாக்கப் போகச் சொல்லுதியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆடித் தள்ளுபடியில் உஸ்மான் சாலையில் நடக்க இடமிருக்காது. ஆவணி பிறந்தால் முகூர்த்தம், பிறகு தீபாவளி, பிறகு பொங்கல். சித்திரை, வைகாசியில் கல்யாணப் பட்டு. ஜூனில் பள்ளிச் சீருடை. ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரண்டு வாரம் ஊரை விட்டு நகர முடிந்தால் அது பங்குனிக் கடைசியில்தான். அவருடைய வருடமும் அந்த ஆற்றின் வருடமும் நேரெதிராக ஓடின. இதில் யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஹானி வேறு இடம் சொன்னாள். தெற்கே மலைப்பகுதி இருக்கிறது, ஏப்ரலில் வெயில் குறைவு, மண் பாதை உண்டு, ஆறு இல்லை. ஸ்ரீஹரி உதட்டைப் பிதுக்கினான். அவனுக்கு ஆறுதான் வேண்டும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வண்டி போகிற வீடியோக்களைக் காட்டினான்.

"இது எந்த மாசம் எடுத்ததுன்னு பாருங்க" என்றாள் ஹானி. "கீழே போட்டிருக்கு. ஆகஸ்ட்."

"மேடம், ஒரு ஸ்டேஷன் வழியா சைடு ட்ராக் ஒண்ணு இருக்கு. மாட்டுப் பண்ணை. மெயின் ரோடு மூடியிருந்தாலும் அதுல போலாம்னு ஃபோரம்ல ஒருத்தர் எழுதியிருக்கார்."

"அந்தப் பாதையும் மூடித்தான் இருக்கும். மூடின ரோட்ல போனா போலீஸ் அபராதம் போடும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியா. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் கிடைக்காது."

நல்லசிவம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நீ அங்கன போயிருக்கியாம்மா?"

"இல்லை."

"கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு என்னத்துக்கு இங்க உக்காந்துகிட்டு பயங்காட்டுத? எம்மவன் லடாக்ல ஆத்தத் தாண்டினவன். நீ இந்தப் பெட்டியப் பாத்துகிட்டு ஆறு வடியாதுங்குத." அவர் ஜெயபாரதி மேடத்தின் அறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "மேடம், விவரம் தெரிஞ்ச ஆளா ஒண்ண உக்கார வைங்க."

ஹானி அசையவில்லை. "சார், தண்ணி எவ்வளவு வரும்னு தெரிஞ்சுக்க அதுல குளிச்சுப் பார்க்க வேண்டாம்" என்றாள்.

அது சொல்லியிருக்க வேண்டாத சொல். நல்லசிவம் அதை மறக்கவே இல்லை.

மேடம் அவளை அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. நல்லசிவத்தின் சொந்தக்காரர்கள் தி.நகர் முழுக்கக் கடை வைத்திருக்கிறார்கள், அவர் ஒருவர் திருப்தியாகப் போனால் முப்பது குடும்பம் வரும், கொஞ்சம் அனுசரித்துப் போ என்றார். பேப்பரில் தார்ச்சாலை மட்டும் போடு, அதற்குமேல் அவர்கள் எங்கே ஓட்டினாலும் அவர்கள் பொறுப்பு என்றார்.

"அவங்க எங்கே ஓட்டப் போறாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சே பொய்யா ஒரு பேப்பர் போட மாட்டேன்."

அன்று சாயங்காலமே ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினாள். நல்லசிவம், ஸ்ரீஹரி, மேடம் மூவருக்கும். அந்தத் தேதிகளில் அந்தப் பாதை மூடியிருக்கும், பக்கப் பாதையும் பாதுகாப்பில்லை, திடீரென்று நீர் ஏறும், உப்புநீர் முதலைகள் உள்ள ஆறுகள், உயிருக்கு ஆபத்து, இந்தப் பயணத்துக்கு நான் திட்டம் தர மாட்டேன். எட்டே வரி. என் கண்ணெதிரே உட்கார்ந்துதான் தட்டினாள்.

மறுவாரம் மேடம் அந்தக் கோப்பை என் மேசைக்கு மாற்றினார். பாதையை ஸ்ரீஹரியே போட்டுக்கொண்டான். டிக்கெட், விசா, வண்டி, டார்வினில் இரண்டு இரவு, குனுனுராவில் மூன்று இரவு எல்லாம் நான்தான் பதிவு செய்தேன். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஹானி அதன் பிறகு என்னோடு வேலைக்கு அவசியமான வார்த்தை மட்டும் பேசினாள்.

தௌஃபீக் யாருடைய தம்பி என்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் அவனைக் கூப்பிட்டு விட்டிருக்கிறார். அன்று வீட்டில் நடந்ததை ஹானி, வேலையை விட்ட பிறகு ஒருமுறை, கோபம் ஆறாமலேயே சொன்னாள்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கே?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டானாம். "அத்தினி பேரு எதிர்ல நிக்க வெச்சு கேக்குறாரு. உங்கக்கா இன்னா பெரிய கலெக்டரான்னு."

"நான் என் வேலையைச் செஞ்சேன்."

"ஒரு பேப்பர். ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா உனுக்கு இன்னா கொறைஞ்சு பூடும்? போறவன் போறான். நீ ஏன் நடுவுல பூந்து என் வேலைக்கு வேட்டு வெக்கிறே?"

"அந்தக் குழந்தைக்கு அஞ்சு வயசுடா."

"உன் குழந்தையா? உனுக்கு யாரையாச்சும் மட்டம் தட்டிக்கினே இருக்கணும். அத்தான்கிட்டயும் இதான். ஆபீஸ்லயும் இதான். நீ மட்டும்தான் ஒலகத்துல கரெக்ட்டு."

அம்மா இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொன்னார்களாம். சும்மா இருக்கவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து தௌஃபீக்கைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்து, பெருங்குடியில் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். குப்பைமேட்டு நாற்றம் வீசுகிற இடம். பட்டுச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் அட்டைப்பெட்டி எண்ணினான். அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். நோன்பு தொடங்கியபோது இஃப்தாருக்கு வீட்டுக்கு வராமல் பள்ளிவாசலிலேயே கஞ்சி குடித்துவிட்டு வந்தான்.

ஏப்ரல் முதல் தேதி அண்ணாச்சி குடும்பம் புறப்பட்டது.

ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. பகல் ஒன்றரை மணி இருக்கும், அங்கே மாலை நான்கு. அலுவலகத்தின் பொது எண் அடித்தது. நான் எடுத்தேன். ஒரே இரைச்சல். பிறகு அண்ணாச்சியின் குரல். ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு விநாடி தாமதித்து வந்தது. சாட்டிலைட் போன்.

"அந்தப் பொண்ணு இருக்கா? அந்த ஆறு வடியாதுன்ன பொண்ணு?"

ஹானி என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள். எனக்குக் குறிப்பெடுக்கச் சொல்லி பேனாவைக் காட்டினாள்.

அவர் சொன்னது இவ்வளவுதான். முன்தினம் குனுனுராவில் விசாரித்தபோது சாலை மூடியிருக்கிறது என்றார்கள். விடிந்ததும் ஸ்ரீஹரி அந்தப் பண்ணைப் பாதையில் வண்டியை விட்டான். தடுப்பு ஒன்று இருந்தது, அதைச் சுற்றிப் போனார்கள். ஒரு ஓடையைத் தாண்டினார்கள், முழங்கால் தண்ணீர்தான். இருபது கிலோமீட்டர் போன பிறகு பெரிய ஆறு குறுக்கே ஓடியது. கடக்க முடியாது என்று தெரிந்து திரும்பினார்கள். வானம் இடித்தது. திரும்பி வந்து பார்த்தால், காலையில் தாண்டிய ஓடை இப்போது ஆறு மாதிரி போகிறது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

"வண்டி தண்ணியிலேர்ந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் ஹானி.

"பக்கந்தான். ஒரு முப்பதடி."

"வண்டியை உடனே மேட்டுக்கு ஏத்துங்க. ஸ்ரீஹரி எங்கே?"

"ஆழம் பாக்க இறங்கிருக்கான். கம்பு வச்சிருக்கான்."

"கூப்பிடுங்க. இப்பவே வெளியே வரச் சொல்லுங்க!" அவள் அந்த அளவுக்குக் கத்தி நான் கேட்டதில்லை. அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "அந்தத் தண்ணில முதலை இருக்கும்."

"ஒண்ணையும் காணல."

"காண முடியாது சார். பார்த்த அப்புறம் நேரம் இருக்காது. கூப்பிடுங்க அவரை!"

போனைக் கீழே வைத்துவிட்டார். அழுகையும் காற்றும் கலந்து கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் தூரத்தில் "ஹரி, ஹரி, வா மேல" என்று அலறியது. அரை நிமிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அதே குரல் போனில்: "வந்துட்டார். நான் சரண்யா. என்ன பண்ணணும் சொல்லுங்க."

ஹானி சொன்னாள். தண்ணீரிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, இருப்பதில் உயரமான இடத்துக்குப் போங்கள். வண்டி ஏறுகிற வரை ஏற்றுங்கள், புதைந்தால் விட்டுவிடுங்கள். குடிநீர், சாப்பாடு, போர்வை, போன் எல்லாவற்றையும் இறக்கிப் பாறைமேல் வையுங்கள். ஓடை ஓரத்தில் ஒரு கல்லைக் குறி பார்த்து வைத்து, தண்ணீர் ஏறுகிறதா என்று தூரத்திலிருந்தே கவனியுங்கள். யாரும் ஓரத்துக்குப் போகக்கூடாது, கை கழுவக்கூட. யாரும் நடந்து உதவி தேடிப் போகக்கூடாது. போன் திரையில் தெரியும் எண்களைப் படியுங்கள். சரண்யா அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்தாள். ஹானி மறுபடி படிக்கச் சொன்னாள். நான் எழுதினேன்.

"இப்போ அந்த நாட்டு எமர்ஜென்சி நம்பருக்குப் பேசுங்க. மூணு சைபர்."

இங்கேதான் அண்ணாச்சி போனைத் திரும்பப் பிடுங்கினார்.

"போலீஸெல்லாம் வேண்டாம். கேஸ் போடுவான். விசாவுல கறுப்பு விழும். நாளப்பின்ன ஹரி எந்த நாட்டுக்கும் போக முடியாது. நீ மேப்பப் பாத்து வேற வழி இருக்கான்னு சொல்லு. அதுக்குத்தான் உனக்கு அடிச்சேன்."

"வேற வழி இல்லை சார்."

"பாக்காமலே சொல்லுத."

"மூணு மாசமா பார்க்கிறேன். மேல இன்னும் மழை இருக்கு. ராத்திரி தண்ணி ஏறும். போலீஸுக்குச் சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்றேன்."

"நீ சொன்னேன்னா," என்றார் அவர், நிதானமாக, "ஒன் தம்பி நாளைலேர்ந்து கடைக்கு வர வேண்டாம். நீயும் அந்த நாற்காலில இருக்க மாட்ட."

இணைப்பு அறுந்தது.

ஹானி அலுவலக போனிலேயே குனுனுரா காவல் நிலையத்துக்கு அடித்தாள். எண் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு முறை கிடைக்காமல் மூன்றாவது முறை மணி அடிக்கும்போது மேடம் அறையிலிருந்து வந்துவிட்டார். அண்ணாச்சி அவருக்கும் பேசியிருந்தார்.

"ஹானி, வை. அவர் வேண்டாங்கிறார். கஸ்டமர் எழுத்துல கேட்காம நாம எப்படிப் போலீஸுக்குப் போறது? நம்ம லைசென்ஸ் என்ன ஆகும்?"

மறுமுனையில் யாரோ எடுத்து ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. ஹானி வாய் திறப்பதற்குள் மேடம் குனிந்து போனின் பொத்தானை அழுத்தினார். இணைப்பு போய்விட்டது.

ஹானி ரிசீவரை மேசையில் போட்டாள். நான் எழுதிய தாளை இழுத்துக்கொண்டு, தன் சொந்தக் கைபேசியோடு படிக்கட்டுக்குப் போனாள். மேடம் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார். "நீ இப்போ பேசினா திரும்ப உள்ளே வராதே" என்றது எல்லோருக்கும் கேட்டது. அதைத் தொடர்ந்து ஹானியின் குரலும் கேட்டது, நடுக்கமில்லாத ஆங்கிலத்தில். நான்கு பேர், அதில் ஒரு குழந்தை, இடம் இது, தண்ணீர் இருபுறமும், சாட்டிலைட் போன் எண் இது. எண்களை இரண்டு முறை சொன்னாள். நோன்பு வைத்திருந்தாள், தொண்டை கரகரத்தது.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்று இருட்டுவதற்குள் ஹெலிகாப்டர் எடுக்க முடியவில்லை, இடியும் மழையும். போலீஸ் அவர்களோடு போனில் பேசி, ஹானி சொன்னதையே திரும்பச் சொல்லி, பாறைமேல் இருக்க வைத்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நால்வரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல். மற்றவர்களுக்குப் பூச்சிக்கடி தவிர ஒன்றுமில்லை. வண்டி மட்டும் மேட்டில் பாதி ஏறிப் புதைந்த இடத்திலேயே நின்றது. விடியும்போது அதன் கூரை மட்டும் வெளியே தெரிந்ததாம்.

போலீஸ் அபராதம் போட்டது. வண்டிக்குச் சொந்தக்காரர்கள் முழு விலையும் கேட்டார்கள். காப்பீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்ததற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று ஹானியின் எட்டு வரிக் கடிதம். முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்தும் போயிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுத்தது மேடம்தான், தன் அலுவலகத்தின் மேல் பழி வராமலிருக்க. ஆனால் அண்ணாச்சி அதை நம்பவில்லை. ஹானிதான் கொடுத்தாள், போலீஸிலும் அவள்தான் மாட்டிவிட்டாள், ஆரம்பத்திலிருந்தே தன் குடும்பத்துக்குக் கெடுதல் நினைத்தாள் என்று உஸ்மான் சாலை முழுக்கச் சொன்னார். உயிரோடு ஊர் திரும்பியதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக யாரும் சொல்லக் கேட்கவில்லை.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் தௌஃபீக்கை நிறுத்தினார்கள். ஹானியை மேடம் அந்தப் போன் வந்த அன்றே நிறுத்திவிட்டிருந்தார், ஆனால் ஒப்படைக்க வேண்டிய கோப்புகள் இருந்ததால் மாதக் கடைசியில் ஒருநாள் வரச் சொன்னார். அவள் வந்த அன்று சரண்யாவும் வந்தாள். காப்பீட்டு வழக்குக்காகப் பயணச்சீட்டு நகல்கள் வேண்டியிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அடையாறில் இருக்கிற, எம்.பி.ஏ. படித்த பெண். முகத்தில் கொசுக்கடித் தழும்பு இன்னும் போகவில்லை. பெட்டியில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவள்தான் ஹானி என்று தெரிந்ததும் நேராக அவளிடம் போனாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த லெட்டர் யாருக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டாள்.

"உங்க மாமனாருக்கு. உங்க கணவருக்கு. இந்த ஆபீஸுக்கு."

"நான் அந்த வண்டில இருந்தேன். என் குழந்தை இருந்தது. எனக்கு ஏன் அனுப்பலை?"

ஹானி நிமிர்ந்து பார்த்தாள். "புக் பண்ணவங்களுக்குத்தான் அனுப்புவோம்."

"எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? ரோடு திறந்திருக்கு, ஏஜென்ட் ஓகே சொல்லிட்டாங்கன்னு. லெட்டர்னு ஒண்ணு இருக்கிறதே இன்ஷூரன்ஸ்காரன் காட்டித்தான் எனக்குத் தெரியும். ஜனவரியிலேயே உங்களுக்கு எல்லாம் தெரியும். என் பேரு தெரியும், என் பாஸ்போர்ட் நம்பர் தெரியும், என் போன் நம்பர் ஃபார்ம்ல இருக்கு. ஒரு போன் பண்ணி 'அம்மா, குழந்தையைக் கூட்டிட்டுப் போகாதீங்க'ன்னு சொல்ல உங்களுக்கு என்ன?"

"நீங்க சொன்னா அவங்க கேட்டிருப்பாங்களா?"

"அது என் பிரச்சினை. நான் போயிருக்க மாட்டேன். குழந்தையை அனுப்பியிருக்க மாட்டேன். நீங்க அவங்களோட சண்டை போட்டு ஜெயிக்கணும்னு பார்த்தீங்க. நான் உங்க கணக்குலயே இல்லை." அவள் குரல் உயரவில்லை. "ராத்திரி முழுக்க என் மடியில அது 'அம்மா, தண்ணி வருது'ன்னு சொல்லிட்டே இருந்துச்சு. அப்போ எனக்கு அவங்க மேல வந்த கோபம் உங்க மேலயும் இப்போ வருது. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் நின்னேன்."

நகல்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹானி கையிலிருந்த கோப்பைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு என்னிடம், மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று கேட்டாள்.

"அந்த ஃபார்ம்ல அவ நம்பர் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

"நீயும் பார்த்தே."

"பார்த்தேன்."

"ரெண்டு பேருமே நாசமாப் போவோம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

இப்போது ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில், ஒற்றை அறையில் அதே வேலையைத் தனியாகச் செய்கிறாள். தி.நகர்க் கடைக்காரர்கள் யாரும் அவளிடம் போவதில்லை, அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். அவரும் மகனும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. சரண்யா குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள்.

தௌஃபீக்குக்கு வேறு கடையில் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் பாதி. பெருங்குடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டான். மாதத்தில் ஒருநாள் அம்மாவைப் பார்க்க வருவான், அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. அந்தக் குடும்பம் பிழைத்ததே அவளால்தான் என்று அம்மா ஒருமுறை சொன்னபோது, "பொழைச்சவன் சோறு துன்றான். நான் இன்னா துன்றது?" என்று கேட்டுவிட்டுப் போனானாம்.

போன மாதம் ஒரு வேலையாக அவள் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். ஒருவர் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், குடும்பத்தோடு செப்டம்பர் கடைசியில் போகிறவர். அது சரியான மாதம்தான், சாலை திறந்திருக்கும். ஆனாலும் அவள் வண்டியில் வரப்போகிற பெரியவர்கள் ஒவ்வொருவருடைய எண்ணையும் கேட்டாள். ஆபத்து விவரத்தைத் தமிழில் எழுதித் தனித்தனியாக அனுப்புவாள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசாமல் பாதையைத் தர மாட்டாள்.

"எங்கிட்ட சொன்னா போதாதா? என் ஒய்ஃபுக்கு இதெல்லாம் புரியாது" என்றார் அவர்.

"புரியற மாதிரி நான் சொல்றேன். போனை அவங்ககிட்ட குடுங்க."

"நீங்க என்ன என்னை நம்ப மாட்டீங்களா?"

"நம்ப மாட்டேன் சார்."

அவர் ஏதோ கடுமையாகச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஹானி கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். முடித்ததும் திரும்பவும் அதையே கேட்டாள். மறுமுனை துண்டித்துவிட்டது. இந்த மாதத்தில் மூன்றாவது ஆள் என்றாள் என்னிடம், முகம் மாறாமல். பிறகு, நான் வந்த வேலை என்ன என்று கேட்டாள்.